டைகர் மாத் மக்கர் பண்ணினால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

டைகர் மாத் முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26 அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று பல நாடுகளில் புதிய விமானிகள் அரிச்சுவடி படித்தது இந்த இரட்டை இறக்கை விமானத்தில்தான். 8,800-க்கும் மேல் கட்டினார்கள். இன்னும் பல பறக்கின்றன. இந்திய விமானப்படையும் ஒன்றைப் புதுப்பித்து 2012 விமானப்படை நாளில் டெல்லிக்கு அருகே ஹிண்டனில் பறக்க விட்டது.

தென் இங்கிலாந்தில் ஒரு புல்தரைத் தளத்தில், வார இறுதிகளில் இப்படி ஒன்றுக்கு நான் எடுபிடி. கையெழுத்துப் போடும் உரிமம் பெற்ற பொறியாளர் வேறு ஒருவர். ஒரே கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்து, ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் நோட்டில் எழுதி வைத்ததுதான் இது. காசில்லாத காரணம் முதலில், பர்ஸைக் காலி செய்வது கடைசியில்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒன்று. இந்த விமானத்தில் பிரேக் கிடையாது, ஸ்டார்ட்டரும் கிடையாது. புரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஆகவே சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு, உள்ளே பழகிய ஆள். இந்த மூன்றும் இல்லாமல் புரொப்பெல்லர் பக்கம் போகாதீர்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும், பிளக்குகளுக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சிலிருந்து மேக்னெட்டோவுக்குப் போகும் எர்த் வயர் அறுந்துவிட்டால், அந்த ஆஃபுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. புரொப்பெல்லரைச் சுற்றுவதை நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். படித்துக் கற்கிற வேலை இல்லை அது.

அறிகுறி 1: எத்தனை சுற்று சுற்றினாலும் ஒரு இருமல்கூட இல்லை

சுவிட்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். விமானத்தின் வெளிப்பக்கத்தில், முன் இருக்கைக்கு ஒரு ஜோடி, பின் இருக்கைக்கு ஒரு ஜோடி என்று நான்கு சுவிட்சுகள். மேலே தள்ளினால் ஆன். ஒரு மேக்னெட்டோ வேலை செய்ய அதற்கான முன் சுவிட்ச், பின் சுவிட்ச் இரண்டும் மேலே இருக்க வேண்டும். தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில் உட்காருவார். முன் சுவிட்சை யாரோ அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க மேக்னெட்டோவைக் கழற்றி, அதன் மின் தொடர்புப் புள்ளிகளைத் தேய்த்து, திரும்ப மாட்டி, கை வலிக்கச் சுற்றியும் கிளம்பவில்லை. மாலையில் டீ கொண்டுவந்த ஒரு பையன் முன் சுவிட்சைக் கைகாட்டினான். அன்றிலிருந்து என் நோட்டில் முதல் வரி அதுதான்.

சுவிட்ச் சரி என்றால், பெட்ரோல். டேங்க் மேல் இறக்கையின் நடுவில், 19 கேலன், அதாவது சுமார் 86 லிட்டர். பம்ப் இல்லை, புவியீர்ப்பில் தானாக இறங்குவதுதான். பெட்ரோல் வால்வைத் திறந்துவிட்டு கார்புரேட்டரில் பெட்ரோலை நிரம்பி வழியவிடும் டிக்லர் வளையத்தை இழுத்துப் பிடியுங்கள். கீழே உள்ள குழாயில் சொட்ட வேண்டும்.

- *சொட்டவே இல்லை:* வால்வு நெம்புகோல் திறந்ததாகக் காட்டினாலும் அதன் கம்பி இணைப்பு தேய்ந்து வால்வு பாதி மூடியே இருக்கலாம். வால்விலேயே கை வைத்துப் பாருங்கள். அடுத்து டேங்க் மூடியின் காற்றுத் துளை. அடைத்திருந்தால் மூடியைத் தளர்த்தியதும் சொட்ட ஆரம்பிக்கும். அடுத்து ஃபில்டர். இதற்கும் மேல் என்றால் கார்புரேட்டரைக் கழற்றும் வேலை. பொறியாளரைக் கூப்பிடுங்கள்.
- *சொட்டுகிறது, நிற்க மாட்டேன் என்கிறது:* மிதவையின் ஊசியில் தூசி, அல்லது மிதவையிலேயே ஓட்டை. வால்வை மூடிவிடுங்கள். அன்றைக்கு அது பறக்காது. கீழே ஈரமான புல்லும் மேலே பெட்ரோலும் வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்புவது நெருப்போடு விளையாடுவது.
- *ஒழுங்காகச் சொட்டி நின்றுவிடுகிறது:* பெட்ரோல் பக்கம் சரி. கீழே படியுங்கள்.

அறிகுறி 1-அ: பெட்ரோல் வாசம் தூக்குகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை

அளவுக்கு மேல் ஊட்டிவிட்டீர்கள். சுவிட்ச் எல்லாம் ஆஃப், த்ராட்டில் (எஞ்சின் வேக நெம்புகோல்) முழுக்கத் திறப்பு. புரொப்பெல்லரைப் பின்பக்கமாக எட்டு பிளேடு, அதாவது நான்கு முழுச் சுற்று, சுற்றுங்கள். கூடுதல் பெட்ரோல் வெளியேறிவிடும். அப்புறம் த்ராட்டிலை அரை அங்குலம் மட்டும் திறந்து, சுவிட்ச் போட்டு, டிக்லரைத் தொடாமல் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் சுற்றிலேயே பிடிக்கும்.

இப்போதுதான் இறக்கிய சூடான எஞ்சினுக்கு டிக்லரே வேண்டாம். காலையில் செய்ததை மதியமும் அப்படியே செய்துவிட்டுத் தவிக்கும் புதியவர்களை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

உள்ளிழுக்கும் குழாயில் தீப்பிடித்தால் பதறி ஓட வேண்டாம். வால்வை மூடுங்கள், த்ராட்டிலை முழுக்கத் திறந்துவிடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தீயை அதுவே உள்ளே இழுத்துவிடும். அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அறிகுறி 1-ஆ: சுற்றும்போது 'க்ளிக்' கேட்கவில்லை

கிளம்பும்போது தீப்பொறியைச் சற்றுத் தள்ளிப்போட்டு உதைத்துக் கொடுக்கிற இம்பல்ஸ் கப்லிங் ஒரு மேக்னெட்டோவில் இருக்கும். மெதுவாகச் சுற்றினால் தெளிவாக ஒரு க்ளிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசின் போல ஒட்டி அதன் நாக்கைப் பிடித்திருக்கும். குளிர்காலத்தில் இது சகஜம். கரைப்பானால் கழுவி விட்டால் போதும். கழுவியும் கேட்கவில்லை என்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அது மேக்னெட்டோ பட்டறைக்குப் போக வேண்டியது.

க்ளிக் கேட்கிறது, குளிர்ந்த எஞ்சின் அழகாகக் கிளம்புகிறது, சூடானதும் மட்டும் மறுக்கிறது, அதிகம் ஊட்டவும் இல்லை என்றால் மேக்னெட்டோவின் கம்பிச்சுருள் (காயில்) மேல் சந்தேகம். குளிரில் நல்ல பிள்ளை, சூட்டில் படுத்துவிடும். பட்டறையில் சூடேற்றிச் சோதித்தால்தான் தெரியும். செலவு இங்கிருந்துதான் ஆரம்பம்.

அறிகுறி 2: புரொப்பெல்லர் பாதியில் சுவரில் முட்டினது போல நிற்கிறது

பலவந்தப்படுத்தாதீர்கள். கையை எடுங்கள்.

இந்த விமானத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் தலைகீழாக மாட்டியது. கிராங்க் மேலே, நான்கு சிலிண்டர்களும் கீழே தொங்கும். நின்றிருக்கும் நாட்களில் ஆயில் சொட்டுச் சொட்டாகப் பிஸ்டனைத் தாண்டி இறங்கி சிலிண்டர் தலையில் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாது. அந்த நிலையில் வலுவாகச் சுற்றினாலோ, எஞ்சின் அப்படியே பிடித்துக்கொண்டாலோ, இணைப்புத் தண்டு வளைந்துவிடும். வளைந்தது அன்றைக்குத் தெரியாது; ஐம்பது மணி நேரம் கழித்து ஒருநாள் வானத்தில் உடையும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சுவிட்ச் ஆஃப், பெட்ரோல் மூடல். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். கீழே ஒரு பழைய கேக் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சிலிண்டரில் பிரச்சினையோ அதன் ஓட்டை வழியே கறுப்பு ஆயில் முதலில் நூலாக, பிறகு மணிமணியாக இறங்கும். மெதுவாகச் சுற்றி வடியவிட்டு, பிளக்கைத் துடைத்துத் திரும்ப மாட்டுங்கள். வாரம் ஒருமுறை மட்டும் பறக்கும் விமானத்தில் இதெல்லாம் வழக்கமான சங்கதி. அதனால்தான் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் போடுவதற்கு முன் நான்கு பிளேடு கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கிறோம்.

ஆயிலே இல்லாமல் முட்டி நின்றால் அது வேறு கதை. அன்றே பொறியாளர்.

அறிகுறி 3: கிளம்பியதும் நீலப் புகை

தலைகீழ் எஞ்சினின் காலை வணக்கம் அது. ஒரு நிமிடத்தில் அடங்கினால் மறந்துவிடுங்கள். அடங்காமல் பறக்கும்போதும் தொடர்ந்தால் ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று எழுதிவைக்க ஆரம்பியுங்கள். மணிக்கு ஒரு பைன்ட், ஒன்றரை பைன்ட் குடிப்பது இதற்கு ஒன்றும் பெரிதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் கணக்கு திடீரென்று ஏறினால்தான் பிஸ்டன் வளையம் பற்றி யோசிக்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம்; அறிகுறி 1-இல் சொன்ன மிதவை ஊசிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 4: மேக்னெட்டோ சோதனையில் சுற்று விழுகிறது

சூடேறியதும் எஞ்சினை நிமிடத்துக்கு 1,600 சுற்றில் வைத்து ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பாருங்கள். 100 சுற்றுக்கு மேல் விழக்கூடாது. எவ்வளவு விழுந்தது என்பதோடு எப்படி விழுந்தது என்பதையும் கவனியுங்கள். பாதிக் கோளாறு அதிலேயே தெரிந்துவிடும்.

*குலுங்கிக்கொண்டே விழுந்தால்* பிளக். பத்துக்கு எட்டுத் தடவை பிளக்தான். இந்த எஞ்சினை வடிவமைத்த காலத்துப் பெட்ரோல் இப்போது இல்லை. இன்று கிடைக்கும் 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோலில் ஈயம் அதற்குத் தேவையானதைவிட அதிகம். அந்த ஈயம் பிளக்கின் அடியில் குண்டுமணி மாதிரி சாம்பல் நிறத்தில் திரளும். முதலில் 1,800 சுற்றில் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள், எரிந்து போனாலும் போகும். காற்றால் குளிரும் எஞ்சின், தரையில் நின்றபடி அதற்கு மேல் வாட்டாதீர்கள்.

போகவில்லையா? எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் தேவையில்லை. கோளாறான மேக்னெட்டோவில் மட்டும் சற்று ஓடவிட்டு நிறுத்துங்கள். சுவிட்ச் ஆஃப் என்று இருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு எஞ்சின் மூடியைத் தூக்கி, ஈரத் துணியின் நுனியை ஒவ்வொரு புகைக்குழாய் அடியிலும் தொடுங்கள். மூன்று 'சுர்' என்னும். ஒன்று சும்மா இருக்கும். அதுதான் ஆள்.

அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக். துடைத்து, இடைவெளி பார்த்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் புதிதாக வாங்குங்கள். சிமெண்டுத் தரையில் விழுந்த பிளக் எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைத் தொட்டிக்குத்தான். கோளாறு அதே சிலிண்டரிலேயே நின்றால் பிளக் வயரைப் பாருங்கள். மூடி உரசும் இடத்திலும் புகைக்குழாய் அருகிலும் தோல் வெடித்திருக்கும். வயரும் சரி என்றால் விநியோக மூடிக்குள் கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள்.

*குலுங்காமல் சீராக விழுந்தால்* புள்ளிகளின் இடைவெளி, இல்லையேல் டைமிங். பொறியாளர் வேலை.

*இரண்டு பக்கமும் ஒரே அளவு விழுந்தால்* மேக்னெட்டோவைத் திட்டாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். காற்று-பெட்ரோல் கலவையைப் பாருங்கள், பெட்ரோலைப் பாருங்கள்.

*விழவே இல்லை என்றால்?* பலர் இதைக் கண்டு சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். அணைத்த மேக்னெட்டோ அணையவில்லை என்று அர்த்தம். எர்த் வயர் போயிருக்கிறது. மெதுவாக ஓடும்போது எல்லா சுவிட்சையும் ஒரு நொடி ஆஃப் செய்து எஞ்சின் சாகிறதா பாருங்கள். சாகாவிட்டால் பெட்ரோலை மூடி நிறுத்துங்கள். புரொப்பெல்லரில் சிவப்புத் துணி கட்டுங்கள். வயரைச் சரிசெய்யும்வரை அந்தப் பக்கம் குழந்தை, நாய், போட்டோ எடுப்பவர் யாரையும் விடாதீர்கள்.

பிளக், வயர் எல்லாம் மாற்றியும் ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பலாக இருந்தால் புரொப்பெல்லரைக் கையால் சுற்றி நான்கு அமுக்கத்தையும் உணர்ந்து பாருங்கள். ஒன்று மட்டும் பஞ்சாக இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். புகைக்குழாயில் 'உஸ்' என்றால் வெளியேற்று வால்வு, கார்புரேட்டரில் என்றால் உள்ளிழு வால்வு, மூச்சுக் குழாயில் என்றால் பிஸ்டன் வளையம். எதுவானாலும் சிலிண்டர் தலையைக் கழற்ற வேண்டியதுதான். இனி பொறியாளரும் உங்கள் வங்கியும் பேசிக்கொள்ளட்டும்.

அறிகுறி 5: ஆயில் அழுத்தம் ஏறவில்லை

கிளம்பி 30 நொடிக்குள் ஆயில் அழுத்த மானியின் முள் அசையாவிட்டால் நிறுத்துங்கள். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்பது இங்கே செல்லாது. சூடானபின் 40 முதல் 45 பி.எஸ்.ஐ. காட்டுவது வழக்கம்.

டேங்கில் ஆயில் இருக்கிறதா? குச்சியை விட்டுப் பாருங்கள். ஆயில் எந்தத் தடிமன்? கோடைக்கான ஆயிலைக் குளிரில் ஊற்றினால் மெதுவாக ஏறும், குளிருக்கானதைக் கோடையில் ஊற்றினால் பறக்கும்போது இறங்கும். ஆயில் மாற்றிய கையோடு வரும் கோளாறு என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கும். அடுத்து ஃபில்டர். அதற்கும் அடுத்து அழுத்த வால்வு. ஒரு மணல் அளவு தூசி அதன் அடியில் மாட்டினால் போதும். மானியே பொய் சொல்லலாம், இன்னொரு மானியை இணைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் வெள்ளைத் துணியில் தட்டி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்புக் கரி சகஜம். மினுமினுக்கும் துகள் இருந்தால் பேரிங் கரைகிறது. அந்தத் துணியை அப்படியே மடித்துப் பொறியாளரிடம் கொடுங்கள். விமானத்தை நகர்த்தக்கூட வேண்டாம்.

அறிகுறி 6: பறக்கும்போது சுற்று மெல்ல மெல்லக் குறைகிறது

ஈரமான, அவ்வளவாகக் குளிராத நாள் என்றால் கார்புரேட்டரில் பனி. வெளியே உறைபனி இல்லையே என்று ஏமாறாதீர்கள். தரைக்கு வந்தபின் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கதவு தடையில்லாமல் அசைகிறதா, அதன் இணைப்பு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கி அரைமணி கழித்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். பனி உருகிவிட்டதே, சாட்சி ஏது?

மெல்லக் குறையாமல் திக்கித் திக்கி ஓடினால் பெட்ரோலில் தண்ணீர். பாதி டேங்கோடு இரவெல்லாம் நிற்கும் விமானத்தில் சேரும். கண்ணாடிப் பாத்திரத்தில் வடித்துப் பாருங்கள், தண்ணீர் அடியில் முத்தாக உருளும். முத்து வராதவரை வடியுங்கள்.

தரையில் முழு த்ராட்டிலில் வழக்கமாக எத்தனை சுற்று வருகிறது என்று ஒரு நல்ல நாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண் கையில் இல்லாமல் 'சக்தி குறைஞ்ச மாதிரி இருக்கு' என்று யாராவது சொன்னால் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

அறிகுறி 7: உடம்பெல்லாம் அதிர்கிறது

புரொப்பெல்லர் மரம். வறண்ட காலத்தில் சுருங்கும், போல்ட் தளரும். முதல் வேலை, கையேட்டில் உள்ள முறுக்கத்துக்குப் போல்ட்களைச் சரிபார்ப்பது. பிறகு ஒரு பெட்டியை நுனியருகே தரையில் வைத்து இரண்டு பிளேடும் ஒரே தடத்தில் சுற்றுகின்றனவா பாருங்கள். நுனியில் கல் பட்ட வெட்டு, வார்னிஷில் விரிசல் இருந்தால் புரொப்பெல்லர் கடைக்கு. மரவேலை தெரிந்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவரிடம் கொடுக்காதீர்கள். கடைசியாக, எஞ்சின் தாங்கியின் ரப்பர்.

அறிகுறி 8: கையை விட்டால் ஒரு பக்கம் சாய்கிறது

பெட்ரோல் நடுவில் இருப்பதால் அதன் மேல் பழி போட முடியாது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடிப்புத் தகடான ஏலரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது இரண்டும் ஒரே அளவு தொங்குகின்றனவா பாருங்கள். பிறகு இறக்கைக் கம்பிகள். நட்டுகளின் மேல் போட்ட பெயின்ட் கோடு விலகியிருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கம்பியை இறுக்கினால் மற்ற எல்லாம் மாறும். அதை அளந்து கட்டத் தெரிந்தவர்களே குறைவு.

வேகம் குறைந்து விழும் கட்டத்தில் மட்டும் ஒரு இறக்கை சட்டென்று விழுந்தால், மேல் இறக்கையின் முன்விளிம்பில் குறைந்த வேகத்தில் தானாக வெளியே வரும் தகடான ஸ்லாட்தான் காரணம். பூட்டைத் திறந்து இரண்டையும் ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள். ஒன்று வழுக்கி வந்து இன்னொன்று முரண்டு பிடித்தால் தூசி, நெளிவு, அல்லது பூட்டுக் கம்பியின் இழுவை.

அறிகுறி 9: வேகமானி குறைத்துக் காட்டுகிறது

இறக்கைத் தூணில் உள்ள, வேகமானிக்குக் காற்று போகும் குழாயில் பூச்சி. வாயால் ஊதாதீர்கள், மானி போய்விடும். இணைப்பைக் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் ரப்பர் குழாய் விரிசல். உறை போடும் பழக்கம் இருந்தால் இந்தப் பத்தியே தேவையில்லை.

அறிகுறியே இல்லாதவை

என்னைத் தூங்கவிடாதது இதுதான். மேலே சொன்ன எல்லாமே சத்தம் போடும், புகையும், குலுங்கும். துணிக்கு அடியில் இருப்பவை எதுவும் சொல்லாது.

2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரம் ஒரு டைகர் மாத் சாகசப் பறப்பின்போது இறக்கை பிரிந்து கடலில் விழுந்தது. இருவரும் இறந்தார்கள். கீழ் இறக்கைகளை உடலோடு சேர்க்கும் குறுக்குக் கம்பிகள் இரண்டும் மரை வெட்டிய இடத்தில் உலோகச் சோர்வால் விரிசல் விட்டு முறிந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

அந்தக் கம்பிகளுக்கு ஆயுள் உண்டு: 2,000 மணி நேரம் அல்லது 18 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. பறக்காமல் கொட்டகையில் நின்றாலும் ஆண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதில் நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்றே ஒன்று, பதிவேட்டைப் புரட்டுவது. எப்போது மாற்றினார்கள், எங்கே வாங்கினார்கள், அதற்கு ஒப்புதல் சீட்டு இருக்கிறதா? மற்றபடி இறக்கைச் சட்டங்களின் பசை, மரத்தில் ஈரக் கறை, துணியின் வலு எல்லாம் பொறியாளர் திறந்து பார்க்க வேண்டியவை. இறக்கையின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் ஒரு தீக்குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள், தண்ணீர் தேங்காது.

பதிவேட்டில் குறுக்குக் கம்பி மாற்றிய தேதியே இல்லாத ஒரு விமானத்தை ஒருவர் மலிவாக வாங்கி வந்தார். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். எங்கள் பொறியாளர் பதில் சொல்லாமல் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கம்பிக்கு ஆர்டர் போடப் போனார்.